பஷீர் பாய் வாளியை மாற்றி எடுக்கவில்லை

முதலில் என் கையெழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தவன். எங்கே சின்ன ர போடுவது, எங்கே பெரிய ற போடுவது என்று இன்றும் தடுமாறுவேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் எழுதியதெல்லாம் பெரும்பாலும் எண்கள்தான். தண்ணீர் எவ்வளவு சூடு, உப்பு எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு என்று. வரி வரியாக எழுதிப் பழக்கம் இல்லை. பேசியும் பழக்கம் இல்லை. நாலு பேர் நடுவில் வாயைத் திறந்தால் எனக்குக் காது இரண்டும் சூடாகிவிடும்.

எழுதச் சொன்னவர் செல்வராசு. சேத்தியாத்தோப்புக்காரர், நாற்பது வயது இருக்கும். குவைத்தில் நான் பார்த்த வேலையை இப்போது அவர் பார்க்கிறார். வீடுகளில் பெரிய கண்ணாடித் தொட்டி வைத்து, அதில் கடல் தண்ணீர் விட்டு, பவளமும் சிப்பியும் மீனும் வளர்ப்பார்கள். அதைப் பராமரிக்கிற கம்பெனி. போன மாதம் அவர் போன் செய்தார்.

"அண்ணே, மூணு மாசத்துல நாலு சிப்பி போச்சுண்ணே. கம்பெனியில புதுசா மிஷின் மாட்டியிருக்காங்க. உப்பு, சுண்ணாம்பு எல்லாத்தையும் அதுவே பாத்து போனுக்கு மெசேஜ் அனுப்புது. நம்பரெல்லாம் கரெக்டாத்தான் இருக்குது. சிப்பிதான் சாவுது. உங்க கையில ஒண்ணுகூட செத்ததில்லைன்னு இங்க சொல்றாங்க. எப்பிடின்னு எழுதி அனுப்புங்கண்ணே, இங்க இருக்குற பசங்களுக்குப் படிச்சுக் காட்டுறேன்."

என் கையில் ஒன்றுகூடச் செத்ததில்லை என்று அங்கே பேசிக்கொள்கிறார்கள். அதைக் கேட்ட பிறகுதான் நோட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அது பொய். என் கையில் ஏழு செத்தன. ஏழும் ஒரே வீட்டில், ஒன்பது நாளில் செத்தன. பழி இன்னொருவர் மேல் விழுந்தது. விழும்போது நான் அவருக்கு ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

சிப்பியை எப்படிக் காப்பாற்றுவது என்பதையும் எழுதுகிறேன். அதை எழுதாமல் இதை எழுத முடியாது.

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் பதினாறு வயதில் வேலைக்குச் சேர்ந்தேன். பன்னிரண்டு வருடம் கிளேஸ் தொட்டியில் நின்றேன். வெளியூர் ஆட்களுக்காகச் சொல்கிறேன். மண் சாமானை முதல் தடவை சூளையில் வேகவைத்து எடுத்தால் அதற்குப் பெயர் பிஸ்கட். வெள்ளையாக, சொரசொரப்பாக இருக்கும், நாக்கில் வைத்தால் ஒட்டும். அதைக் கிளேஸ் என்கிற கண்ணாடிப் பொடிக் கரைசலில் முக்கி மறுபடி வேகவைத்தால் பளபளப்பு வரும். நீலத்துக்கு ஒரு தூள், பழுப்புக்கு ஒரு தூள், பச்சைக்குச் செம்புத் தூள். இந்தத் தூள்களைச் சலித்து, நிறுத்து, கலப்பது என் வேலை. எந்தப் பச்சையைக் காட்டினாலும் அதில் செம்பு எவ்வளவு என்று கண்ணாலேயே சொல்வேன். இதைப் பெருமைக்காக எழுதவில்லை. எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது என்பதற்காக எழுதுகிறேன்.

நான் இருந்த யூனிட்டை மூடினார்கள். மங்கலம்பேட்டை ஆள் ஒருவர் விசா எடுத்துக் கொடுத்தார். கண்ணாடி வேலை என்றார். கண்ணாடிக்குள் கடல் இருக்கும் என்று சொல்லவில்லை. முதல் இரண்டு வருடம் பாசி சுரண்டினேன், உப்புத் தண்ணீர் கேன் சுமந்தேன். மூன்றாவது வருடம் பஷீர் பாய் என்னைத் தன் கூடவே வைத்துக்கொண்டார்.

பஷீர் பாய் எங்கள் சூப்பர்வைசர். அவரும் மங்கலம்பேட்டைதான். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். ஒல்லியான ஆள், சட்டைக் கையை எப்போதும் முழங்கைக்கு மேல் மடித்திருப்பார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒரு வீட்டுக்குள் போனால் தொட்டிக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்பார். நாங்கள் வாளியைத் திறக்கப் போனால் தலையை மட்டும் அசைப்பார். "மொதல்ல கண்ணு. கை அப்பறம்" என்பார். அதற்குப் பிறகு சோப்பு போடாமல் வெறும் தண்ணீரில் முழங்கைவரை மூன்று தடவை கழுவுவார். சோப்பு வாசனை சிப்பிக்கு ஆகாது. சென்ட் அடித்துக்கொண்டு வந்த ஒருவரை அன்று முழுக்க வேனிலேயே உட்கார வைத்தார்.

நான் பேசாதது அவருக்கு வேடிக்கை. "ஏன் கலியபெருமாளு, சிப்பிகூட ஒரு நாளைக்கு நாலு தடவ வாயத் தொறக்குது. உனக்கு என்னாப்பா கஷ்டம்?" என்பார். வேனில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவர் கேலி செய்தால் எனக்குக் காது சூடாகாது.

இனி சிப்பி. இது நம் கடற்கரையில் கிடக்கும் மட்டி இல்லை. முத்துச் சிப்பியும் இல்லை. ஓடு அலை அலையாக இருக்கும். வாய்க்கு வெளியே உதடு மாதிரி ஒரு சதை விரியும். அந்தச் சதை நீலம், பச்சை, ஊதா என்று மயில் கழுத்து மாதிரி மின்னும். அந்தச் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. பாசி வெளிச்சத்தில் சமைக்கும், சிப்பி அதைத் தின்னும். அதனால் வெளிச்சம்தான் அதற்குச் சோறு. பெரிதாக வளர்கிற வகையும் உண்டு. பண்ணையில் வளர்த்த குட்டியைக் கட்டைவிரல் அளவில் கொண்டுவந்து விடுவார்கள். ஒழுங்காகப் பார்த்தால் மனுசனைவிட அதிக காலம் இருக்கும் என்பார் பாய்.

செல்வராசு, மிஷின் பார்க்காததை மட்டும் எழுதுகிறேன். புதுச் சிப்பி வந்தால் அதன் பையில் உங்கள் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒன்றரை மணி நேரம் விடுங்கள். அவசரப்பட்டு ஊற்ற வேண்டாம். வந்த நாளே உச்சி வெளிச்சத்தில் வைக்க வேண்டாம். கீழே மணலில் வைத்து, இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுபோங்கள். வெளியே எடுக்க நேர்ந்தால் திரும்ப இறக்கும்போது தண்ணீருக்குள் மெதுவாகச் சாய்த்து உள்ளே மாட்டிய காற்றை வெளியே விடுங்கள். அது காலில் நூல் விட்டுப் பாறையைப் பிடித்துக்கொள்ளும். அந்த நூலை இழுக்கவே கூடாது. இழுத்தால் கால் சதையோடு வரும், அதற்குப் பிறகு அது பிழைக்காது. பிளேடை ஓட்டுக்கும் பாறைக்கும் நடுவில் படுக்கவைத்து நூலை மட்டும் அறுங்கள்.

வாரத்துக்கு ஒரு நாள், விளக்கு அணைந்து அரை மணி கழித்து, அடி ஓரத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். அரிசிக் குருணை மாதிரி வெள்ளை நத்தை ஒட்டியிருந்தால் பல் துலக்கும் பிரஷால் தேய்த்து எடுங்கள். அவை சிப்பியின் சாற்றை உறிஞ்சும். சதை ஓரம் கிள்ளி வைத்த மாதிரி சுருங்கினால் நல்ல தண்ணீரில் குளிக்கவையுங்கள். அந்தத் தண்ணீர் தொட்டி அளவு சூட்டில் இருக்க வேண்டும். புளிப்பும் காரமும்கூடத் தொட்டித் தண்ணீருக்குச் சமமாக இருக்க வேண்டும். இருபது நிமிடம், அதற்கு மேல் போகக் கூடாது. பாய் அந்த இருபது நிமிடமும் கடிகாரத்தைப் பார்க்காமல் சிப்பியையே பார்த்துக்கொண்டிருப்பார். கடிகாரம் பார்ப்பது என் வேலை.

ஒவ்வொரு தடவை போகும்போதும் கையைத் தொட்டிக்கு மேலே நிழலாக ஓட்டுங்கள். நல்ல சிப்பி நிழலைக் கண்டதும் சட்டென்று சுருங்கி, மறுபடி விரியும். மெதுவாகச் சுருங்கினால் அன்றைக்கு வேறு எந்த வேலையும் வேண்டாம், ஏன் என்று மட்டும் தேடுங்கள். மூச்சு விடும் ஓட்டை ஆவென்று திறந்து கிடந்தால் பெரும்பாலும் நேரம் கடந்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் மேலே பாய் ஒரு விதி வைத்திருந்தார். மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் செம்பு கலந்த மருந்து போடுவோம், தனித் தொட்டியில். அந்த மருந்துக்குச் சிவப்பு மூடி வாளி. அந்த வாளியும் அதன் குழாயும் பெரிய தொட்டிப் பக்கம் வரவே கூடாது. மீனைக் காப்பாற்றுகிற செம்பு சிப்பியைக் கொல்லும். ஒரு சிட்டிகைகூட வேண்டாம். புதிதாகச் சேர்கிற எவருக்கும் பாய் முதல் நாள் சொல்லிக் கொடுப்பது அந்த வாளியைத்தான்.

என் பங்குக்கு நானும் ஒன்று கண்டுபிடித்தேன். சிப்பிக்குப் பிடித்துக்கொள்ளக் கெட்டியான தரை வேண்டும். மணலில் விட்டால் அலையும், பாறையில் விட்டால் பிறகு பிரிக்க முடியாது. ஒரு லீவில் வந்தபோது எங்கள் பேட்டையிலிருந்து உள்ளங்கை அகலப் பிஸ்கட் தட்டுகள் பத்து எடுத்துப் போனேன். மணலுக்கு அடியில் தட்டை வைத்து, அதன் மேல் சிப்பியை உட்காரவைத்தோம். மறுநாள் காலையில் கெட்டியாகப் பிடித்திருந்தது. இடம் மாற்ற வேண்டுமென்றால் தட்டோடு தூக்கிவிடலாம். பிளேடே வேண்டாம்.

பாய் அந்தத் தட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நம்ம விருத்தாசலத்து மண்ணா?"

"ஆமா பாய்."

"பக்கத்து ஊருக்காரன் எனக்கே இது தோணல பாரு. பேசாதவன் மூளையில என்னென்னவோ வச்சிருக்கான்டா" என்று வேனில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். அன்றிலிருந்து எல்லா வீட்டுத் தொட்டியிலும் என் தட்டுதான். வாழ்க்கையில் என்னை ஒருவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதனாலேயே பிறகு நான் கெட்டேன் என்று நினைக்கிறேன்.

கடலோரமாக ஒரு வீடு. வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். கணவர் இல்லை, பிள்ளைகள் வெளிநாட்டில். சாயங்காலம் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு காபி குடிப்பார். ஏழு சிப்பி. பெரியது ஒன்றரை ஜாண் அகலம், கருநீலத்தில் பொன் புள்ளிகள். அதைப் பாய் தன் கையால் குட்டியாக விட்டு பதினோரு வருடம் வளர்த்திருந்தார். அந்த அம்மா அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார். அரபியில் ஏதோ, என் வாயில் வராது.

அது தன் தட்டைவிடப் பெரிதாகிவிட்டது. ஓரம் தொங்கியது. "லீவுக்குத்தான போற, அகலமா ஒரு பிஸ்கட்டு கொண்டா" என்றார் பாய்.

லீவில் வந்தேன். ஒரு மாதம் வீட்டுக்குக் கூரை மாற்றுகிற வேலையிலேயே போயிற்று. கிளம்புவதற்கு முதல் நாள்தான் தட்டு நினைவுக்கு வந்தது. பேட்டைக்கு ஓடினேன். பழைய யூனிட்டில் என்னோடு வேலை பார்த்த அஞ்சலை இருந்தது.

"என்னா கலியபெருமாளு, அந்த நாட்டுல தட்டே கெடையாதா? இங்க வந்து பொறுக்குற?"

"அகலமா ஒரு பிஸ்கட்டு வேணும்."

"அடுத்த பிஸ்கட்டு சூடு ஞாயித்துக்கெழமதான். இருந்து வாங்கிட்டுப் போ."

"நாளைக்கு பிளேனு."

"அப்ப அதோ கெடக்குது பாரு குப்பை, புடிச்சத எடுத்துக்க."

கழிவுக் குவியலில் பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற அகலத் தட்டு ஒன்று கிடந்தது. உள்பக்கம் பச்சைக் கிளேஸ், அடிப்பக்கம் வெறும் மண். நான் என்ன நினைத்தேன் என்றால், கவிழ்த்து வைத்தால் வெறும் பக்கம் மேலே வரும், சிப்பி அதில் உட்காரும், பச்சை மணலுக்குள் போய்விடும், ஆயிரத்து இருநூறு டிகிரியில் வெந்து கண்ணாடியான பிறகு செம்பு எங்கே போகும். எங்கள் பேட்டைக்காரர் எவரும் அப்படித்தான் நினைப்பார். சூளைக்குள் போய் வந்ததை நாங்கள் சந்தேகப்பட மாட்டோம்.

ஆனால் அது கழிவுக் குவியலில் ஏன் கிடந்தது? கையில் எடுத்ததும் பழக்க தோஷத்தில் விரல் மடக்கித் தட்டினேன். நன்றாக வெந்தது ணங்கென்று பாடும். இது டொக்கென்றது. சூளையின் குளிர்ந்த மூலையில் இருந்து வேகாமல் வந்த தட்டு. பச்சையும் பளபளக்காமல் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. அந்தச் சத்தத்தின் அர்த்தம் பன்னிரண்டு வருடம் கிளேஸ் தொட்டியில் நின்ற எனக்குத் தெரியும். இருந்தும் பையில் வைத்தேன். வெறும் கையோடு போய் பாய் முன்னால் நிற்க எனக்கு மனம் வரவில்லை.

குவைத்தில் அந்த வீட்டில் தட்டைக் கவிழ்த்தே வாளியிலிருந்து எடுத்தேன். மேலே தெரிந்தது வெறும் மண்தான்.

"பிஸ்கட்டா?" என்றார் பாய்.

"ஆமா பாய்."

அன்றே பெரிய சிப்பியைப் பழைய தட்டோடு தூக்கி அதன் மேல் இறக்கினோம்.

மூன்று வாரம் ஒன்றுமில்லை. நாலாவது வாரம் ஒரு சனிக்கிழமை, பாய் வழக்கம்போல் நின்று பார்த்தவர் ஐந்து நிமிடத்துக்குப் பிறகும் நகரவில்லை. கையை நிழலாக ஓட்டினார். பெரிய சிப்பி மெதுவாகச் சுருங்கியது. மறுபடி ஓட்டினார். பாதிதான் சுருங்கியது.

"கலியா, உப்பு பாரு."

சரியாக இருந்தது. சுண்ணாம்பு சரி. சூடு சரி. நத்தை இருக்கிறதா என்று அடியெல்லாம் பார்த்தோம். இல்லை. குளிக்கவைத்தோம். மறுநாள் இன்னும் மோசம். சதை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. மூச்சு ஓட்டை திறந்து கிடந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் அது போய்விட்டது. பாய் அதை இரண்டு கையிலும் தூக்கி வெளியே எடுத்தார். பதினோரு வருடத்தில் திரும்ப உள்ளே போகாமல் அது வெளியே வந்தது அப்போதுதான். கீழே இருந்த தட்டு மணலில் அப்படியே இருந்தது. அடுத்த சிப்பியை அதில் உட்காரவைக்கலாம் என்று விட்டுவிட்டார்.

அந்த அம்மா வந்து நின்றார். அரபியில் ஏதோ கேட்டார். பாய் குனிந்தபடி பதில் சொன்னார். வேனில் ஏறிய பிறகு கேட்டேன்.

"என்னா பாய் கேட்டாங்க?"

"அதுக்கு வலிச்சிருக்குமான்னு கேட்டாங்க. எனக்குத் தெரியலன்னு சொன்னேன்."

அடுத்த நாள் இன்னொன்று சுருங்கியது. பாய் கம்பெனியிலிருந்து ஒரு வடிகட்டிப் பஞ்சு கொண்டுவந்து போட்டார். தண்ணீரில் உலோகம் இருந்தால் அது நிறம் மாறும். மறுநாள் காலையில் எடுத்தோம். வெள்ளைப் பஞ்சு நீலப் பச்சையாக இருந்தது.

"செம்பு" என்றார் பாய். பஞ்சை விளக்கடியில் பிடித்தார். "எங்கேருந்துடா வந்துச்சு செம்பு?"

எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. அந்தப் பஞ்சின் நிறம் நான் பன்னிரண்டு வருடம் கலக்கிய நிறம்.

அவர் மோட்டாரைக் கழற்றிப் பார்த்தார். சூடேற்றும் குழலைப் பார்த்தார். யாராவது காசு கீசு போட்டிருப்பார்களோ என்று மணலைக் கையால் அளைந்தார். அவர் விரல் அந்தத் தட்டின் ஓரத்தைத் தொட்டு நகர்ந்ததை நான் பார்த்தேன்.

"கலியா, புதுசா எதுனா உள்ள போட்டோமா? உன் தட்டுதான் புதுசு. அது பிஸ்கட்டுதான?"

இந்த ஒரு கேள்விக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தால் மீதி ஐந்து பிழைத்திருக்கும். தட்டை எடுத்து, தண்ணீர் மாற்றி, கரி போட்டிருந்தால் போதும். என் காது சூடானது. அவர் முன்னால் ஒருநாளும் சூடாகாத காது.

"ஆமா பாய்" என்றேன்.

"அப்பறம் எதுக்கு அதச் சொல்லிக்கிட்டு" என்று அவர் வேறு பக்கம் திரும்பினார்.

தனியாக இருக்கும் நேரத்தில் தட்டை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். பாய் தனியாக விடவில்லை. மற்ற வீடுகளை வேறு ஆட்களிடம் கொடுத்துவிட்டு நாள் முழுக்க அந்தத் தொட்டியோடே இருந்தார். தண்ணீர் மாற்றினார். மாற்ற மாற்ற அடியிலிருந்து செம்பு வந்துகொண்டிருந்தது. சிப்பிகள் ஒவ்வொன்றாக வாயைத் திறந்தன. ஒவ்வொன்றையும் அவரே எடுத்தார். கடைசி ஒன்று போன பிறகுதான் தொட்டியைக் காலி செய்யச் சொல்லிவிட்டு அவர் வாசல் பக்கம் போனார். நான் தட்டை எடுத்தேன். பச்சை பாதிக்கு மேல் வெளுத்து, அதில் ஒட்டியிருந்த மணல் பச்சையாகியிருந்தது. துணியில் சுற்றி என் பையில் வைத்தேன். போகிற வழியில் ஒரு குப்பைத் தொட்டியில் போட்டேன்.

மேனேஜர் வந்தார். கேரளாக்காரர். பஞ்சைப் பார்த்தார். பின் அறைக்குப் போனார். அங்கே அந்த வீட்டுக்கு வந்த புது மீனுக்காகப் பாய் சிறு தொட்டியில் செம்பு மருந்து போட்டிருந்தார். பக்கத்தில் சிவப்பு மூடி வாளி.

"பஷீர், இந்த வாளி அங்கே போச்சா?"

"இல்ல சார்."

"பின்னே செம்பு நடந்து போச்சா?"

பாய் என்னைப் பார்த்தார். சாட்சி சொல்வேன் என்று பார்த்தாரோ, சும்மாதான் பார்த்தாரோ, தெரியவில்லை. வாளி அங்கிருந்து நகரவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்வதற்குத் தட்டைப் பற்றிப் பேச வேண்டிய அவசியம்கூட இல்லை. நான் தரையைப் பார்த்தேன்.

அந்த அம்மா சத்தம் போடவில்லை. இவர் இனி இந்த வீட்டுக்குள் வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார். பெரிய வீடு, பெரிய இடம். கம்பெனி பாயின் விசாவை ரத்து செய்தது. இரண்டு வாரத்தில் ஊருக்கு அனுப்பினார்கள். ரூமில் பெட்டி கட்டும்போது நான் கயிறு பிடித்தேன்.

"அழாதடா" என்றார் என்னிடம். நான் அவருக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

அவர் இடத்தை எனக்குக் கொடுத்தார்கள். பிறகு பன்னிரண்டு வருடம் நான் சூப்பர்வைசர். செல்வராசு சொன்னது அந்தப் பன்னிரண்டு வருடக் கதை. அதில் ஒன்றும் சாகவில்லை, உண்மைதான். சாக விடாமல் பார்த்தேன். ஒரு தொட்டிக்கு முன்னால் நின்றால் கால் மணி நேரம் நகர மாட்டேன். அதைத் திறமை என்றார்கள்.

முதுகுத் தட்டு விலகி, கேன் தூக்க முடியாமல், இரண்டு வருடத்துக்கு முன் ஊருக்கு வந்துவிட்டேன். மங்கலம்பேட்டைக்கு இங்கிருந்து அரை மணி பஸ். இரண்டு வருடமாகப் போகவில்லை. என் மனைவி தனம் கேட்டுக்கொண்டே இருந்தாள். "அந்த பாயி உங்களுக்கு வேல கத்துக் குடுத்தவருன்னு சொல்லுவீங்களே, ஒரு எட்டு போயிப் பாத்தா என்னா?" முதுகு வலி என்பேன். செல்வராசு போன் செய்த மறு வாரம் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன்.

மருமகனின் செல்போன் கடையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். தாடி முழுக்க வெள்ளை.

"அடடே, கலியபெருமாளு! இன்னும் வாய் தொறக்குதா இல்லையா?" என்று எழுந்து கையைப் பிடித்தார். டீயும் சமோசாவும் வாங்கிவரச் சொன்னார். வீட்டைக் கேட்டார், முதுகைக் கேட்டார். பிறகு, நான் ஆரம்பிப்பதற்கு முன்னால், அவரே ஆரம்பித்தார்.

"அந்த அம்மா எப்பிடி இருக்குறாங்க?"

"போயிட்டாங்க பாய். நாலு வருசம் ஆவுது."

வந்த டீயில் ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். பிறகு சொன்னார். "வந்த புதுசுல நான் செய்யல, நான் செய்யலன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தேன். வூட்டுல, பள்ளிவாசல்ல, எல்லார்கிட்டயும். அப்பறம் உக்காந்து யோசிச்சேன். அதுக்கு முந்துன நாளு வெள்ளிக்கெழம. ஜும்மாவுக்கு நேரமாச்சு, அவசரத்துல இருந்தேன். மாத்தி எடுத்திருப்பேன்பா. வேற எப்பிடி வரும்? நீயும் ஒண்ணும் போடல. இப்பல்லாம் கண்ண மூடுனா அந்த செவப்பு மூடி வாளி என் கையில இருக்குறது நல்லா தெரியுது."

"பாய்..." என்றேன்.

"விடு. பேரனுக்குக் காய்ச்சல் மருந்து ஊத்திக் குடுன்னு பொண்ணு சொல்லுது. நான் ஊத்துறதில்ல. மருமவனக் கூப்புட்டு பாட்டிலக் காட்டி, இதுதானா, இதுதானான்னு ரெண்டு தடவ கேட்டுப்புட்டுத்தான் தொடுவேன். சிரிக்கிறாங்க. சிரிக்கட்டும். என் கைய எனக்குத் தெரியும்ல."

அந்தக் கையைத்தான் நான் பதினோரு வருடம் பார்த்தேன். அதைப்போல் சுத்தமான கையை வேறெங்கும் பார்க்கவில்லை. அது இப்போது டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு இருந்தது. நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. மருமகன் ஒரு போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தார். கடைக்கு ஆள் வந்தது. நான் டீயைக் குடித்து முடித்தேன்.

"போயிட்டு வரேன் பாய்."

"அடிக்கடி வாப்பா. பேச ஆளில்ல எனக்கு. நீயும் பேச மாட்ட, பரவால்ல, வந்து உக்காரு."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு ஒன்று புரிந்தது. வேலையை மட்டும் அவர் இழந்தார் என்று நான் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். வேலை போனால் வேறு வேலை. நான் எடுத்துக்கொண்டது அவருக்குத் தன்மேல் இருந்த நம்பிக்கையை. அதை இனி யார் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் வயதில் அவர் இருக்கிறாரா என்று தெரியவில்லை. சொன்னால் என்னைத் திட்டுவாரோ என்ற பயம் எனக்கு இல்லை. திட்ட மாட்டார். "போடா, எனக்காகச் சொல்றியா" என்று நம்பாமல் சிரித்துவிடுவார் என்றுதான் பயமாக இருக்கிறது.

செல்வராசு, உங்களுக்கு நான் எழுதித்தர வேண்டிய புத்தி இவ்வளவுதான். கிளேஸ் போட்ட எதையும் தொட்டிக்குள் விடாதீர்கள், எந்த ஊர்ச் சூளையில் வெந்திருந்தாலும். தட்டினால் ணங்கென்று பாடினாலும் விடாதீர்கள். தப்பாக ஒன்று போட்டுவிட்டால் அன்றே சொல்லிவிடுங்கள். தொட்டியில் மிச்சம் ஐந்து உயிர் இருக்கும்போது சொல்வதும் எல்லாம் போன பிறகு சொல்வதும் ஒன்றில்லை. பையன்களுக்குப் படிக்கும்போது பஷீர் பாயின் பெயரை விட்டுவிடாமல் படியுங்கள். அந்தச் சிவப்பு மூடி வாளி அந்த வெள்ளிக்கிழமை முழுக்கப் பின் அறையில்தான் இருந்தது. அதற்கு நான் சாட்சி.

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நாலாவது தடவையாக இரண்டு பிரதி எழுதியிருக்கிறேன். ஒன்று உங்களுக்கு. இன்னொன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காலை முதல் பஸ்ஸில் மங்கலம்பேட்டைக்குப் போகிறேன். அவர் கையில் கொடுத்து, அவர் படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பது என்று முடிவு. பேச வேண்டியதில்லை, உட்கார்ந்தால் போதும். அவர் நம்புவாரா என்று தெரியாது. நம்பினாலும் பதினான்கு வருடம் திரும்பி வராது. ஒவ்வொரு வீட்டுத் தொட்டிக்கும் நாங்கள் அளவு எழுதிவைத்த நோட்டுகளில் தேதி போட்ட பக்கத்தை எவரும் கிழிக்கக் கூடாது என்பது பாய் எங்களுக்கு வைத்திருந்த ஒழுங்கு. முன்னே கிழித்த மூன்றிலும் நான் தேதி போடவில்லை. இதில் போடுகிறேன்.

கலியபெருமாள்
விருத்தாசலம்
28.8.2025, வியாழக்கிழமை